கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு யார் விலை சொல்வது?
திருகோணமலைக் கலியாண வீடியோக்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் தம்பிமார், அண்ணாமார், அண்மையில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கச்சிமார் எல்லாருக்கும்,

வணக்கம். கலியாணம் முடிந்த அடுத்த கிழமை ஹார்ட் டிஸ்க்கோடு வாசலில் வந்து நின்று, "அண்ணை, இதை மட்டும் கெதியா முடிச்சுத் தாங்கோ" என்று கேட்கிறீர்களே, அந்த எடிற்றர்மாரில் ஒருவன் எழுதுகிறேன். நான் கமரா தூக்குவதில்லை. நீங்கள் எடுத்ததை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் வேலை. உவர்மலையில் எடுத்ததும், மூதூரில் எடுத்ததும், நிலாவெளி ஹோட்டலில் எடுத்ததும் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது. ஆகவே யார் நன்றாக எடுக்கிறார் என்பதும் தெரிகிறது, யாருக்கு ஓடர் வருகிறது என்பதும் தெரிகிறது. பல நேரம் அந்த இருவரும் ஒரே ஆட்கள் இல்லை. நல்ல வேலைக்காரர் சிலர் ஆவணியிலும் கை கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பேஸ்புக்கில் நீங்கள் போடும் விளம்பரங்களை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். 4கே, மூன்று கமரா, ட்ரோன், கிரேன், எல்ஈடி திரை, 12க்கு 36 அல்பம், கலியாணத்துக்கு முந்திய பிறீ ஷூட் இலவசம். ஸ்ரூடியோவின் பெயரைக் கையால் மறைத்தால் எது யாருடையது என்று உங்களுக்கே பிடிபடாது. எல்லாம் ஒன்றுபோல இருந்தால் கேட்கிறவர் எதைப் பார்ப்பார்? விலையைத்தான். அதற்குப் பிறகு நடப்பது மீன் சந்தை ஏலம், ஆனால் விலை கீழே போகிற ஏலம். ஒருவர் ஒன்றரை லட்சம் என்கிறார், அடுத்தவர் ஒன்று முப்பது என்கிறார், மூன்றாமவர் "நீங்க சொல்லுங்கோ அக்கா, பார்த்துச் செய்வம்" என்கிறார். அந்த "பார்த்துச் செய்வம்" தான் இந்த ஊரில் எங்கள் தொழிலைத் தின்கிறது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 120,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டீர்கள். உதவிக்கு வரும் இருவருக்கு 20,000. எடிற்றிங்குக்கு 25,000. அல்பத்துக்கு 30,000. பெற்றோல், சாப்பாடு, டிஸ்க் எல்லாம் சேர்த்து 15,000. உங்களுக்கு மிஞ்சுவது 30,000. இந்த நேரம் பெண்ணின் சித்தப்பா தோளில் கைபோட்டு, "தம்பி, ஒரு லட்சமா முடிச்சுத் தாரும்" என்கிறார். தலையாட்டுகிறீர்கள். அவர் கண்ணுக்கு விலையில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. உங்கள் வருமானத்திலோ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. உதவிக்கு வந்தவரும் நானும் அல்பக்காரரும் குறைக்கப்போவதில்லை, அந்த 20,000 முழுவதும் உங்கள் பையிலிருந்துதான்.

குறைக்கச் சொன்னால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். "சரி ஐயா, ஒரு லட்சத்துக்குச் செய்யலாம், அல்பம் இல்லாமல்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் ஒன்றில் அல்பத்தை விடுவார், இல்லாவிட்டால் காசைக் கூட்டுவார். இரண்டிலும் உங்களுக்கு நட்டமில்லை. எதையும் எடுக்காமல் விலையை மட்டும் இறக்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

செலவு பழைய செலவும் இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. கமரா, லென்ஸ், மெமரி காட், டிஸ்க் எல்லாமே டொலர் விலை பார்த்து வருபவை. 4கே என்று போஸ்டரில் போடுகிறீர்களே, வினாடிக்கு 100 மெகாபிட் வைத்து எடுத்தால் மணிக்கு 45 ஜீபி பிடிக்கும். மூன்று கமரா ஆறு மணித்தியாலம் ஓடினால் 810 ஜீபி. பாதுகாப்புக்கு இன்னொரு பிரதி வைத்தால் 1.6 ரெராபைட்டைத் தாண்டும். ஒரு கலியாணத்துக்கு. இதை விலைக்குள் யார் சேர்க்கிறீர்கள்?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம்.

உங்களோடு கதைப்பவர், காசு கொடுப்பவர், விருப்பம் சொல்பவர், வீடியோவைப் பார்ப்பவர் என்று நாலு பேர் இருக்கிறார்கள். திருகோணமலையில் இந்த நாலு பேரும் ஒரே வீட்டில் இருப்பது குறைவு. கதைப்பவர் பெண்ணின் தாய். காசு அனுப்புபவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணன். விருப்பம் சொல்பவர் மணப்பெண். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்போவது, வர முடியாமல் போனவர்கள். அகதி விண்ணப்பத்தோடு இருப்பவர் ஊருக்கு வர முடியாது. வயதான பெரியம்மாவால் அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க முடியாது. லீவு கிடைக்காதவர் வேலையிடத்தில் இருந்து போனில்தான் பார்ப்பார். நீங்கள் விற்பது தாய்க்கு மட்டும். மற்ற மூவரிடமும் உங்கள் பெயர் போய்ச் சேருவதில்லை, விலை மட்டும்தான் போய்ச் சேருகிறது.

எப்படிப் போகிறது என்று பாருங்கள். மண்டபம் பார்க்க வந்த தாய் உங்களோடு அரை மணித்தியாலம் கதைக்கிறா. நீங்கள் போனில் நாலு ட்ரெயிலர் காட்டுகிறீர்கள். இரவு அவ மகனுக்கு ஒரு வொய்ஸ் அனுப்புகிறா: "அந்தப் பெடியன் நல்லாச் செய்வானாம் தம்பி, ஒண்டரை கேக்கிறான். மற்றவன் ஒண்டு இருவதுக்குச் செய்யிறானாம்." அவ்வளவுதான். உங்கள் அரை மணித்தியாலக் கதை, உங்கள் மரியாதை, உங்கள் வேலை எல்லாம் இரண்டு எண்ணாகச் சுருங்கிவிட்டது. கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அவர் இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பைத் திறந்து அதைக் கேட்கும்போது இங்கே காலை ஆறரை. அவர் முன்னால் இருப்பது ஒண்டரையும் ஒண்டு இருபதும் மட்டும். நீங்களாக இருந்தால் எதைத் தெரிவீர்கள்?

ஆகவே, தாய் அப்படியே மகனுக்குத் தட்டிவிடக்கூடிய ஒன்று அவ கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம். இப்படி எழுதலாம்:

"அண்ணா, வணக்கம். இன்று அம்மாவோடு கதைத்தோம். தங்கச்சியின் கலியாணத்துக்கு இரண்டு கமராவோடு மூன்று பேர் வருவோம். பொன்னுருக்கலுக்கு ஒருவர். கலியாணத்தன்று காலை ஐந்து மணிக்குப் பெண் வீட்டில் ஒரு கமரா, மாப்பிள்ளை வீட்டில் ஒரு கமரா. முகூர்த்தத்துக்கு இரண்டும் மண்டபத்தில். கால்மாறிப் போகும்வரை நிற்போம். நீங்கள் திரும்பி விமானம் ஏற முதல் நாலு நிமிட வீடியோ கையில் தருவோம். முழு வீடியோ எட்டாம் கிழமை. மொத்தம் இவ்வளவு. பதிவுக்கு இவ்வளவு, கலியாணத்துக்கு முதல்நாள் இவ்வளவு, மிச்சம் முழு வீடியோ கையில் கிடைக்கும்போது. அம்மம்மாவால் மண்டபத்தில் நெடுநேரம் இருக்க ஏலாது என்று அம்மா சொன்னா. அவவை விடியவே வீட்டில் வைத்து எடுத்துவிடுவோம்."

இதில் 4கே எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் கடைசி வரியை வாசித்த அண்ணன் மற்றவருடைய ஒண்டு இருபதைப் பற்றி இரண்டாம் முறை யோசிப்பார். தன் வீட்டைப் பற்றிக் கேட்டு அறிந்து எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்டு அறிவதற்குக் காசு தேவையில்லை. தாயோடு கதைக்கும்போது ட்ரெயிலர் காட்டுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, "வெளிநாட்டில இருந்து ஆர் ஆர் வருகினம்? ஆர் வரமாட்டினம்? ஆரை முக்கியமா எடுக்கோணும்?" என்று கேளுங்கள். அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கலியாணத்தன்று அந்தக் கொப்பியை உதவிக்கு வரும் பெடியனிடமும் காட்டுங்கள். பெரியப்பா யார், பந்தியில் சாப்பாடு போடும் அயலவர் யார் என்று தெரியாமல் எடுத்த காட்சிகளை வைத்துக்கொண்டு எது முக்கியம் என்று ஊகிப்பது எனக்கும் பெரும் பாடு.

வெளிநாட்டில் இருப்பவருக்காகக் கலியாண வீடியோ எடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. வீஎச்எஸ் காலத்தில் எங்கள் கெசற் பால் முறையில் இருக்கும், கனடாவில் என்ரிஎஸ்சி. இங்கே இருந்து ஆசையாகக் கொண்டுபோன கெசற்றை அங்கே டெக்கில் போட்டால் சரியாக ஓடாது, மாற்றிக் கொடுக்க ஆள் தேட வேண்டும். அந்தக் காலத்தில் "எந்த நாட்டுக்குப் போகுது?" என்று கேட்டு, மாற்றியே கொடுத்த ஸ்ரூடியோக்காரரிடம்தான் சனம் போனது. இன்றைக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ நசுங்கிவிடும். டொக்கியூமென்ட் ஆக அனுப்பினால் 2 ஜீபி வரை அப்படியே போகும். யூரியூப்பில் அன்லிஸ்ட் செய்து வைத்தால் லிங்க் உள்ளவர்தான் பார்க்கலாம். இதையெல்லாம் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

லைவ் பற்றியும் ஒரு வார்த்தை. பல குடும்பங்கள் பேஸ்புக் லைவ் போட்டுவிட்டு, அது அங்கேயே கிடக்கும் என்று நம்புகின்றன. 2025 பெப்ரவரியில் இருந்து பேஸ்புக்கில் லைவ் வீடியோ 30 நாள்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். "லைவ்வை இறக்கி உங்களுக்கு ஒரு பிரதி தருவோம்" என்பது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அந்த ஒரு வரியை உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களா?

ட்ரெயிலர் விசயத்துக்கு வருவோம். எல்லாருடைய ட்ரெயிலரும் ஒன்று: ஸ்லோ மோஷன், பெண் திரும்பிப் பார்ப்பது, மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போடுவது, கடற்கரை, ட்ரோன் மேலே எழும்புவது. நான் எடிற் செய்கிறவன் சொல்கிறேன், சராசரிக் கமராக்காரரின் காட்சியிலிருந்தும் மூன்று நிமிட ட்ரெயிலர் அழகாக வெட்டலாம். ஆகவே ட்ரெயிலர் உங்கள் திறமையைக் காட்டாது, என் திறமையைத்தான் காட்டும். உங்கள் திறமை தெரிவது முகூர்த்தத்தில்.

கெட்டிமேளம் கேட்டதும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முன்வரிசை முழுவதும் எழும்பிப் போனை உயர்த்தும். அட்சதை ஒரு பக்கம். ஐயரின் கை, தோழனின் தோள், யாரோ ஒரு மாமியின் கொண்டை. எனக்கு வரும் காட்சிகளில் பலதில் தாலி தெரியாது, தாலி கட்டுபவரின் முதுகுதான் தெரியும். உங்களில் ஒருவர் இருக்கிறார், பெயர் சொன்னால் கூச்சப்படுவார். அவர் முதல்நாள் இரவே மண்டபத்துக்குப் போவார். மணவறைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அலங்காரக்காரரிடம் கெஞ்சி ஒரு பூச்சரத்தை ஒரு சாண் விலக்கி, அந்த இடைவெளியில் சின்னக் கமரா ஒன்றைக் கட்டிவிடுவார். அடுத்த நாள் மண்டபம் முழுவதும் எழும்பி நின்றாலும் அந்தக் கமராவுக்கு மறைவில்லை. தோழி கூந்தலை விலக்கிப் பிடிப்பது, முடிச்சுப் போடும் விரல் நடுங்குவது எல்லாம் அப்படியே விழும். அவருடைய போஸ்டரில் என்ன இருக்கிறது தெரியுமா? 4கே, ட்ரோன், கிரேன். பூச்சரத்துக்குப் பின்னால் வைக்கும் கமராவைப் பற்றி ஒரு சொல் இல்லை!

ஐயா, அந்த நாற்பது வினாடியை வெட்டாமல் அப்படியே போடுங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம். "மற்றவர் எழும்பி மறைத்தாலும் உங்கள் தாலிகட்டு மறையாது" என்று மேலே எழுதுங்கள். தாய்மாருக்குப் புரியும். ஏற்கெனவே நடந்த கலியாணங்களில் அதைத் தவறவிட்ட குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய.

சத்தத்தையும் யாரும் விற்பதில்லை. கமராவின் மைக்கில் நாதஸ்வரமும் ஜெனரேற்றரும்தான் விழும். ஒரு சின்னக் கொலர் மைக்கைத் தாத்தாவின் சால்வையில் குத்திவிட்டு, பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது அவர் சொல்வதை எடுத்துக் கொடுத்தால், வீட்டார் பத்து வருடத்துக்குப் பிறகு தேடிப் பார்ப்பது அதைத்தான். மண்டப லைற்றில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடுகிறதே, அதற்கும் மருந்து இருக்கிறது. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 50இலோ 100இலோ வைத்தால் பெரும்பாலும் தீரும். 4கேயில் கோடு விழுந்தால் கோடும் 4கேயில்தான் தெரியும்.

விளம்பரக் காசைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பூஸ்ட் செய்யும்போது இடத்தைத் திருகோணமலை என்று மட்டும் வைக்காதீர்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஹரோ, ஈஸ்ட் ஹாம், பாரிஸ் என்று எங்கள் சனம் இருக்கும் இடங்களைக் குறிவைத்துச் சின்னத் தொகையில் போட்டுப் பாருங்கள். கூகிள் வரைபடத்தில் ஸ்ரூடியோவைப் பதிவதற்குக் காசு இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் பேஸ்புக்கைவிட அங்கேதான் தேடுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில். வீடியோவை வாங்கிய குடும்பத்திடம் அன்றைக்கே இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் எழுத மாட்டார்கள்.

காலத்தைப் பற்றித்தான் உங்களில் அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஒன்ராரியோவில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் விடும், செப்டம்பர் முதல் கிழமையில் தொடங்கும். இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியில் விடுகிறது. ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஓகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆக, பிள்ளை குட்டிகளோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு மிஞ்சுவது ஆனியின் கடைசிப் பக்கமும், ஆவணியின் முதல் இரண்டு கிழமையும். எல்லா நல்ல முகூர்த்தத்துக்கும் அங்கேதான் அடிபாடு. அந்த இரண்டு கிழமையிலும் நீங்கள் ஏன் விலை குறைக்கிறீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஹோட்டல்காரர் அறை வாடகையைக் கூட்டுகிறார். அதற்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை. நெருக்கமான நாளுக்கு ஒரு விலை, மற்ற நாளுக்கு ஒரு விலை என்று எழுதி வைத்தால் உங்களோடும் யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

மற்றப் பக்கம், ஆடியிலும் மார்கழியிலும் "ஓடர் இல்லை அண்ணை" என்று என்னிடம் வந்து இருப்பீர்கள். இது யாழ்ப்பாணம் இல்லை, திருகோணமலை. ஆடி மாதம் கிண்ணியாவில் நிக்காஹ் நடக்காதா? கந்தளாயில் சிங்களச் சோடிகள் பொருவ மணமேடையில் ஏறமாட்டார்களா? முஸ்லிம் ஆட்களுக்கு நோன்பு மாதம் ஓய்வு, அது வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். கத்தோலிக்கருக்குத் தவக்காலம். இந்த ஓய்வுக் காலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வராமல் இருப்பது இந்த ஊரில் தொழில் செய்கிறவருக்குக் கிடைத்த கொடை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் முடிந்தது. ஆனால் உங்களில் பலருடைய வாடிக்கையாளர்கள் இன்னும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்கம் போவதற்கு ஒரு தகுதி வேண்டும். பெண்கள் பகுதியை எடுக்கப் பெண்கள்தான் வேண்டும் என்று பல வீடுகளில் கேட்பார்கள். எடுத்தது எடிற்றிங்குக்கு ஆண்களிடம் போகக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள், அது எனக்கு நட்டம் என்றாலும் நியாயம். பின்னணியில் இசைக்கருவி வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஒரு படமும் இன்ரநெற்றுக்குப் போகக் கூடாது என்பது அநேகமாக எல்லா வீட்டிலும். நான் மேலே வாழ்த்திய தங்கச்சிமாரே, இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுப்பது முதல் எடிற்றிங் வரை பெண்களே செய்யும் அணி ஒன்றைத் தொடங்குங்கள். உங்களுக்குப் போஸ்டரே தேவைப்படாது. ஒரு வீட்டில் நம்பிக்கையாகச் செய்தால் அந்த ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடும். மூதூரிலும் கிண்ணியாவிலும் அதற்குக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டு தொடங்கினால் வங்கிக் கணக்குக்கும் பிறகு கடனுக்கும் உதவும்.

படத்தை வெளியில் போடுவது தமிழ் வீடுகளிலும் சின்ன விசயம் இல்லை. கலியாணம் நடந்த இரவே பெண்ணின் படத்தைப் போட்டு, கீழே கண்டவனும் கொமென்ட் எழுத, காலையில் தகப்பன் கோல் எடுத்துக் கத்தியதெல்லாம் நடந்திருக்கிறது. அண்ணனுக்கு அனுப்பும் அந்த ஒரு பக்கத்தின் அடியில் "எங்கள் பேஸ்புக் பக்கத்தில் போடலாமா: ஆம் / இல்லை" என்று ஒரு வரி வையுங்கள். இல்லை என்பவரை வற்புறுத்த வேண்டாம். சரி என்பவர் போதும்.

ட்ரோனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "ட்ரோன் இலவசம்" என்று போடுகிறீர்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா? பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுத்தீர்களா? 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோனைத் தடைசெய்த காலம் நினைவிருக்கும். நாங்கள் இருப்பது கடற்படைத் தளம் ஒரு பக்கம், சீனக்குடா விமானப்படைத் தளம் ஒரு பக்கம் உள்ள ஊர். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே பிரெட்ரிக் கோட்டை இராணுவ முகாமுக்குள்ளால்தான். அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோனை எழுப்பி, மாப்பிள்ளையைக் காவலரணுக்கு முன்னால் நிற்க வைக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் எடுப்போம், கிடைக்காவிட்டால் இல்லை என்று எழுத்தில் சொல்பவரைத்தான் வெளிநாட்டில் வாழ்ந்து பழகியவர் நம்புவார். புறாமலையும் அப்படித்தான். அது தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் கமராச் சாமானோடு போக முடியாது.

பிறீ ஷூட்டில் இன்னொன்று. டச் பேயில், உப்புவெளியில் கடலில் சூரியன் மறைகிற படம் வேண்டும் என்று இந்தியப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். எங்கள் கடல் கிழக்குக் கடல், அங்கே உதயம்தான். தண்ணீருக்கு மேல் அஸ்தமனம் வேண்டுமென்றால் உட்துறைமுக வீதிப் பக்கம் போக வேண்டும். கனடாவிலிருந்து வந்த சோடிக்கு முதல் கிழமை இரவில் நித்திரை வராது, விடிய நாலு மணிக்கே முழித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களை ஐந்தரைக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது யாருக்கும் கஷ்டமில்லை, சனமும் இராது. "உதய நேரப் பிறீ ஷூட்" என்று உங்களில் ஒருவராவது போட்டிருக்கலாம்.

கடைசியாக, எனக்கு வயிற்றெரிச்சல் தரும் விசயம்: பிந்துவது. சோடி கனடாவுக்குத் திரும்பிவிட்டது. மிச்சக் காசு வரவில்லை என்று நீங்கள் வீடியோவை வைத்திருக்கிறீர்கள். வீடியோ வரவில்லை என்று அவர்கள் காசை வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம், ஆறு மாதம். நடுவில் இரண்டு பக்கமும் என்னைப் பேசுகின்றன. இந்த இழுபறியில் போகும் பெயரை எந்தப் பூஸ்டும் மீட்டுத் தராது. காசை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கைக் கலியாணத்துக்கு முதல்நாளே வாங்கிவிட்டால் கடைசிப் பங்குக்காக மல்லுக்கட்டத் தேவையில்லை.

அதைவிட முக்கியம் அந்த நாலு நிமிட வீடியோ. ஊரில் தாலி கட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர் அங்கே போய் இன்னொரு வரவேற்பு வைக்கிறார்கள். மண்டபம் நிறையச் சனம், பெரிய எல்ஈடி திரை. அங்கே ஓடப்போவது உங்கள் வீடியோதான். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் அடுத்த வருடம் தங்கச்சிக்கோ மகளுக்கோ ஊரில் கலியாணம் வைக்கப்போகிறவர்கள் இருப்பார்கள். இதைவிட நல்ல விளம்பரப் பலகை உலகத்தில் எங்கே வாங்க முடியும்? வீடியோ பிந்தினால் அந்தத் திரையில் மாமாவின் போனில் எடுத்த படங்கள் ஓடும். அந்த நாலு நிமிடத்துக்குரிய காட்சிகளை மட்டும் தனியாகப் பிரித்துக் கலியாணத்துக்கு அடுத்த நாளே என்னிடம் தாருங்கள், ஒரு கிழமைக்குள் முடித்துத் தருவது என் பொறுப்பு. ஆனால் தயவுசெய்து சுற்றிச் சுழலும் பெயரை முதல் இருபது வினாடிக்குப் போடச் சொல்லாதீர்கள். மூலையில் போன் நம்பரும் வேண்டாம். கடைசியில் ஊரின் பெயரோடு உங்கள் பெயர், மூன்று வினாடி. பிடித்திருந்தால் தேடி வருவார்கள்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் எல்லாருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரம் ஒரு போயா தினப் பின்னேரம் கூடுவோம். எல்லாரும் ஒரே விலை வைக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை, அது நடக்கவும் நடக்காது. பேச வேண்டியவை வேறு. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு ஓடர் வந்தால் ஒன்றை யாருக்கு மாற்றிக் கொடுப்பது, கமரா பழுதாகினால் யாரிடம் இரவல் கேட்பது, உதவிக்கு வரும் பெடியனுக்கு நாள்கூலி எவ்வளவு, மிச்சக் காசு தராமல் ஒவ்வொரு ஸ்ரூடியோவாக மாறித் திரிபவரை எப்படிச் சமாளிப்பது. இடம் கிடைக்காவிட்டால் என் வீட்டு விறாந்தை இருக்கிறது. வரும்போது போன வருடம் எடுத்த முழு நீள வீடியோ ஒன்றைப் பென் ட்ரைவில் கொண்டுவாருங்கள். தாலிகட்டுப் பகுதியை எல்லாரும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம். ட்ரெயிலர் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் எடிற்றர்மாரில் ஒருவன்
திருகோணமலை